திங்கட்கிழமைச் சோழிகள்

போன வாரம் அப்பா இறந்தார். இன்று அவர் பீரோவைத் திறந்ததும் தேன் வாசனை வந்தது. உள்ளே வெள்ளைத் துணியில் பன்னிரண்டு சோழிகள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே, இப்போது இடித்துவிட்ட எங்கள் லாட்ஜில், கணவனின் வைத்தியத்துக்காக நைஜீரியாவிலிருந்து வந்து தங்கிய யொரூபா இனத்து ஆன்ட்டி, திங்கள்தோறும் இந்தச் சோழிகளுக்குத் தேன் தடவி, அஜே என்ற செல்வத் தெய்வத்தை அழைப்பார். நல்ல குணமுள்ள வீட்டில்தான் அவள் தங்குவாள் என்று ஒன்பது வயதுச் சிறுமியான என்னிடம் மட்டும் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த திங்கள் சோழிகளைக் காணவில்லை. "எலி இழுத்துனு போயிருக்கும்மா" என்று அப்பா கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார். ஆன்ட்டி என்னைத்தான் பார்த்தார். ஊர் திரும்பும்வரை என்னோடு பேசவே இல்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து அந்தச் சோழிகளைத் தொடுகிறேன். விரலில் புதுத் தேன் ஒட்டுகிறது.