போர்வைக்குள் துள்ளிய விரல்

மயக்க மருந்தில் உளறுகிறேன் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மருந்து இறங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது. அம்மா மேல் சத்தியம்... இது நடந்தது.

என் முதுகெலும்பு வளைந்திருந்தது. வகுப்பில் என் பெயரே கேள்விக்குறி. கம்பி வைத்து நிமிர்த்த ஆபரேஷன். முந்தின நாள் ஒரு அக்கா வந்தார். ஆபரேஷன் நடக்கும்போது நரம்பைக் கண்காணிப்பவர்.

"நான்தான் கரண்ட்காரி. நீ தூங்கினதும் தலையில லேசா ஷாக் குடுப்பேன். கால் கட்டைவிரல் துள்ளும். அது திரையில அலையா வரும். அலை படுத்துச்சுன்னா ஒரே கத்து கத்துவேன், டாக்டர் கையை எடுத்துடுவார்."

"மறந்துட மாட்டீங்களே? நான் நடக்கணும்க்கா."

"அட போடி. நாளையிலேர்ந்து நீ ஆச்சரியக்குறி!"

அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

தியேட்டரில் மேசை சில்லென்றிருந்தது. முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். கண் சொருகும்போது... போர்வைக்குள் என் பாதத்தை இன்னொரு பாதம் உரசியது.

ஈரமாக.

விழித்தபோது மதியம் இரண்டே கால். நர்ஸ் குனிந்தார்.

"விரலை ஆட்டும்மா."

முயன்றேன். இடுப்புக்குக் கீழே நான் இல்லவே இல்லை. ஆனால் கால்மாட்டில் போர்வை துள்ளியது. டக்... டக்...

"ஆட்டுறாளே! சூப்பர்."

"நான் ஆட்டல..."

"இன்னும் தெளியல இவளுக்கு," என்று அம்மாவிடம் சிரித்துவிட்டு நர்ஸ் போய்விட்டார்.

"அம்மா... போர்வையைத் தூக்கேன்."

தூக்கினாள். என் இரண்டு கால்கள். கட்டைபோலக் கிடந்தன.

போர்த்தினாள்.

டக்...

காதருகே ஒரு குரல். என் வயதுப் பெண் குரல்.

"அவங்க கரண்ட் விட்டப்பல்லாம் நானே ஆட்டிட்டேன். நீதான் நல்லா தூங்கினியே..."

சிரிப்பு.

"ஆச்சரியக்குறி."

என் கால்கள் இனி அசையாதாம். "கடைசி வரைக்கும் அலை நல்லாத்தானே இருந்துச்சு," என்று டாக்டர் சொன்னதையே சொல்கிறார்.

நேற்று கரண்ட்கார அக்கா வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையெழுத்துபோல, அலையும் ஆளுக்கு ஆள் மாறுமாம். என்னுடையதை எங்கோ பார்த்ததுபோல இருந்ததாம். 'நல்லாத் துள்ளுதே, போதும்' என்று விட்டுவிட்டாராம். பிறகு மனசு கேட்காமல் பழைய பதிவொன்றைத் தேடியெடுத்து, என் அலைமேல் வைத்துப் பார்த்தாராம்.

இரண்டும் ஒரே கோடு.

அது போன மாதம் அதே மேசையில் படுத்து... எழுந்திருக்காமலே போன பெண்ணுடையது.