புள்ள என்று கூப்பிட்ட மகள்

பஞ்சாலையை அவள் பெற்ற மகளே "புள்ள" என்றுதான் கூப்பிட்டாள். மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

மாயாண்டி தன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற கூப்பாடு அது. "ஏ புள்ள, வெந்நி வை", "ஏ புள்ள, கத்திய எங்க வச்ச?" என்று பொழுது விடிந்து பொழுது போனால் வீட்டில் ஒரே புள்ளதான். ஒன்றரை வயதுச் சிட்டு அப்பன் வாயைப் பார்த்தே பேசப் பழகியவள். ஒருநாள் காலி வட்டிலைத் தட்டிக்கொண்டு, "ஏ புள்ள, சோறு!" என்றாள். மாயாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். பஞ்சாலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோறு போட்டவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா என்ற சொல் சிட்டுவுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். அதைத் தூக்கி முத்தாயிக்குக் கொடுத்துவிட்டாள். பஞ்சாலையின் வயிற்றெரிச்சல் அதுதான்.

முத்தாயி தோட்டத்து ஆயா. பால் வெட்டப் போகும் பெண்கள் இருட்டு விலகும் முன்பே பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் அவளிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார்கள். அங்கே கங்காணி பேர் வாசிக்கும்போது ஆள் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கொட்டகையில் வாய் வந்த பிள்ளைகளெல்லாம் "ஆயாம்மா, ஆயாம்மா" என்று முத்தாயியை மொய்க்கும். சிட்டு அந்தச் சொல்லின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முத்தாயி "அம்மா" ஆகிவிட்டாள். முத்தாயிக்குப் பிள்ளை இல்லை. புருஷனையும் காய்ச்சல் கொண்டுபோய் வருஷம் பல ஆகிவிட்டது. "ஆயான்னு சொல்லிக் குடேன்" என்று யாராவது சொன்னால், "பச்ச மண்ணு, தானா மாறிக்கும்" என்பாள். மாற்ற அவளுக்கு மனசு இல்லை. அது பஞ்சாலைக்குத் தெரியும். யாருக்குத்தான் மனசு வரும்?

பஞ்சாலை முசிறிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி வந்தவள். பதினேழில் மாயாண்டியைக் கட்டினாள். முதல் பிள்ளை நாற்பது நாள்கூடத் தங்கவில்லை. ஆண் பிள்ளை. அது வாய் திறந்து அழுதது தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள் சிட்டு. பிறந்த அன்றைக்கே பஞ்சாலை மனசுக்குள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: இது என்னை அம்மா என்று கூப்பிடும்வரை இருக்கட்டும் சாமி. சாமி இருக்க வைத்தது. கூப்பிட மட்டும் வைக்கவில்லை.

குற்றம் பிள்ளையிடம் இல்லை. விடியும் முன்னே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டகைத் தூளியில் கிடத்துவாள். பிறகு நிரை நிரையாக மரம் வெட்டி, மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்துப் பாலை வாளியில் கொட்டிச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது மத்தியானம் சாய்ந்திருக்கும். கட்டிய மார்பு கடுத்து ரவிக்கை நனைந்து காய்ந்திருக்கும். வந்து பார்த்தால் சிட்டு முத்தாயி மடியில் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள். பகல் முழுக்க யார் முகம் கண்ணில் படுகிறதோ அவள்தானே அம்மா?

அப்புறம்தான் ரப்பர் விலை தரைக்கு வந்தது. வெட்டின பாலுக்கு வாங்க ஆளில்லை என்று துரை வெட்டையே நிறுத்திவிட்டார். வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஆண்களுக்குக் கான் வாய்க்கால் வெட்டு, புல்வெட்டு என்று வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. கொட்டகையையும் பூட்டிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் அடுப்பு அரைவயிற்றுக்குத்தான் எரிந்தது. லயமே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பஞ்சாலைக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தன் மகளை அவள் அப்போதுதான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். தூக்கம் வந்தால் சிட்டு தன் காது மடலைத்தான் பிடித்துக்கொள்வாள். முருங்கைக்கீரையை நாக்கால் தள்ளிவிடுவாள். மழை பெய்தால் கூரையைப் பார்த்து அதட்டுவாள். இவ்வளவும் முத்தாயிக்கு எப்போதோ தெரிந்த சங்கதிகள் என்று நினைத்தபோது பஞ்சாலைக்கு அழுகை முட்டியது.

ஆனால் பிள்ளை வீட்டில் நிற்க வேண்டுமே! கண் அசந்தால் போதும், கான் ஓரமாகவே தத்தித் தத்தி லயத்தின் கடைசி வீட்டுக்குப் போய்விடும். கடைசி வீடு முத்தாயியுடையது. "அம்மா, அம்மா" என்று கதவைத் தட்டும் சத்தம் இங்கே கேட்கும்.

"வாசலுக்கு ஒரு படல் கட்டுங்க" என்றாள் பஞ்சாலை. "புள்ள கான்ல விழுந்துரப் போவுது."

"கான்ல முழங்காத் தண்ணிகூட இல்லியே புள்ள?"

"கட்டுங்கன்னா கட்டுங்களேன்."

மாயாண்டி கைவேலைக்காரன்; ஒரு வேலை சொன்னால் நாலு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். மூங்கில் பிளந்து படல் கட்டினான். கப்பலேறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன மண்ணெண்ணெய்ப் பெட்டிகளைப் பிரித்துச் சுவரில் பலகை அடித்தான். சிட்டு உட்கார ஒரு குட்டிப் பெஞ்சு செய்தான். அது ஒருகால் குட்டையாக ஆடியது. ஆடுவதுதான் சிட்டுவுக்குப் பிடித்தது, சரிசெய்ய விடவில்லை. பின்பக்கம் கோழிக்கூண்டு, அதற்கு அந்தண்டை கீரைப்பாத்தி, அடுப்படிக்கு மேலே தகரத்தில் ஒரு சாய்ப்பு. பஞ்சாலை மண்குழைத்துத் தரை பூசினாள். சிட்டு ஈரத்தரையில் ஐந்து தடவை ஓடி ஐந்து தடவை மறுபடி பூச வைத்தாள். ஆணி டப்பாவைக் காணோம் என்று அரைநாள் தேடினார்கள். அரிசி களையும்போது அது பானைக்குள் கிடந்தது. வேலை செய்த களைப்பும் சிரித்த களைப்புமாக அந்த வீடு அப்படி ஒரு காலத்தைக் கண்டதில்லை. ஒவ்வொரு சாமானும் எதற்காக முளைக்கிறது என்று பஞ்சாலைக்கு மட்டும்தான் தெரியும். பெஞ்சு, கோழி, கீரை எல்லாம் பிள்ளைக்குப் போட்ட தூண்டில்.

மாயாண்டிக்கும் ஒருநாள் உத்தரவு போட்டாள். "இனிமே புள்ளன்னு கூப்பிடாதீங்க. அத பாத்துத்தான் அதுவும் சொல்லுது."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"அம்மான்னு கூப்பிடுங்க. கேட்டுக் கேட்டு அதுக்கும் வரும்."

பாவம், அவனும் முயன்றான். கோழிக்கூண்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, "அம்மா, அந்தச் சுத்தியல எடு. அம்மா, ஆணி" என்று கூவினான். அந்த நேரம் பார்த்தா கங்காணி நல்லசாமி அந்தப் பக்கம் வரவேண்டும்?

"ஏண்டா மாயாண்டி, ஆத்தாளயா கட்டிக்கிட்ட?"

லயம் முழுக்கச் சிரித்தது. மாயாண்டி இறங்கி வந்து, "நம்மளால ஆவாது புள்ள" என்றான். பெஞ்சுக்கு அடியிலிருந்து, "ஆவாது புள்ள" என்று இன்னொரு குரல் வந்தது.

முத்தாயியும் சும்மா இருக்கவில்லை. கொட்டகை பூட்டியதும் அவளுக்குப் பகல் நீண்டுவிட்டது. அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் பொதிந்துகொண்டு ஒருநாள் படலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"புள்ள எங்க பஞ்சால?"

"தூங்குது ஆயா" என்றாள் பஞ்சாலை. வாய் கூசாமல்தான் சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை, அவள் சேலைக்குப் பின்னாலிருந்து சிட்டு தலையை நீட்டி, "அம்மா!" என்றாள். படலைப் பிடித்து ஆட்டினாள். படல் திறக்கவில்லை, மாயாண்டி அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தான். முத்தாயி கிழங்கைப் படலின் சந்து வழியாகப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கப் பார்த்தாள் பஞ்சாலை. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்வரை சிட்டு படலைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்தவள் அவள்தானே.

நாள் போகப் போக சிட்டு படலை மறந்தாள். கோழியோடு சண்டை போட்டாள், பஞ்சாலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள், அவள் கையால்தான் தின்பேன் என்று அடம்பிடித்தாள். எல்லாம் சரி, கூப்பிடுவது மட்டும் "ஏ புள்ள"தான். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று பஞ்சாலை காத்திருந்தாள். கிடைத்தது ஐந்து மாதம்.

ஒரு சனிக்கிழமை நல்லசாமி கங்காணி லயத்தின் நடுவில் நின்று சத்தம் போட்டார்: "திங்கக்கிழமையிலேர்ந்து வெட்டு! ஆம்பள பொம்பள எல்லாரும் பெரட்டுக்கு வந்துரணும்!" லயத்தில் குலவை போடாத குறைதான். பஞ்சாலை உள்ளே போய், சுவர்ப் பலகையில் துருப்பிடித்துக் கிடந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தாள். தீட்டத் தீட்டக் கண்ணீர் வந்தது. மாயாண்டி பார்த்துவிட்டுக் கத்தியை வாங்கித் தானே தீட்டினான்.

திங்கட்கிழமை சிட்டு வழியிலேயே விழித்துக்கொண்டாள். முத்தாயி கொட்டகை வாசலில் நின்று கை நீட்டினாள். ஐந்து மாதம் கழித்து இரண்டு பெண்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பேச நேரமில்லை, கங்காணி பேர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பஞ்சாலை பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பத்தடி போயிருப்பாள்.

"அம்மா!"

முதுகுக்குப் பின்னால் ஓங்கிக் கேட்டது. மறுபடியும், "அம்மா! அம்மா!"

"பஞ்சால!" என்று கங்காணி வாசித்தார். "இருக்கேனுங்க" என்றாள். ஆள் இருந்தாள், உயிர் அங்கே இல்லை. முத்தாயியைக் கண்டதும் பழைய அம்மா வந்துவிட்டாள் பார், ஐந்து மாதமும் ஆற்றில் கரைத்த புளிதான் என்று அவள் மனசு சொன்னது. அன்றைக்கு வெட்டின மரங்களிலெல்லாம் பட்டையில் கத்தி ஆழமாகப் போய்விட்டது. மேல்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டினார். திட்டு காதில் விழவில்லை.

பாலை நிறுத்துக் கொடுத்ததும் கொட்டகைக்கு ஓடினாள். முத்தாயி கஞ்சிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிட்டு காது மடலைப் பிடித்தபடி தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காலையில அழுதுச்சா ஆயா?"

"ஒரு பாடு அழுதா."

"ஒன்னத்தான கூப்பிட்டா?" பஞ்சாலை சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

முத்தாயி கழுவிய கிண்ணத்தையே மறுபடியும் கழுவினாள். "எனக்கென்ன பஞ்சால, இடுப்புலதான வச்சிருந்தேன். இடுப்புல வச்சிருக்கவள யாராச்சும் எட்டிக் கூப்பிடுவாங்களா? கைய ரெண்டையும் ஒம் பக்கம் நீட்டிக்கிட்டுக் கத்துனா. அழுது ஓஞ்சப்பறம் என்னய நிமுந்து பாத்து, ஆயான்னா."

கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஞ்சாலை மண்தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் கேட்கக் காத்திருந்தது. வந்தபோது தனக்கில்லை என்று தள்ளிவிட்டு ஓடியிருக்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எப்படிக் கூப்பிட்டா ஆயா? ஒரு தடவ சொல்லிக் காட்டேன்."

முத்தாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். தயங்கினாள். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயால் கேட்டவளே தவிர, சொல்லி அவளுக்கு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"அம்மா" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. "இன்னும் சத்தமா கூப்பிட்டா பஞ்சால."

சத்தத்தில் சிட்டு விழித்துக்கொண்டாள். தூளியிலிருந்து எட்டி, அழுதுகொண்டிருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏ புள்ள, சோறு" என்றாள்.