பங்கசினான் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனது

தூத்துக்குடி ஜெயசீலன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஒரு பல் ஆஸ்பத்திரியின் ஏசியைச் சரிசெய்ய மூன்று தடவை போனான். மூன்றாம் தடவை அது கெட்டே போயிருக்கவில்லை. வரவேற்பில் இருந்த மரிவிக்தான் சும்மா போன் செய்து வரவழைத்திருந்தாள். அவள் பிலிப்பைன்ஸில் பங்கசினான் என்ற கடலோர மாகாணத்துக்காரி. அன்றிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

கல்யாணம் நடக்க மரிவிக்கின் சித்தி ஃபெலி சரியென்று சொல்ல வேண்டும். ஷார்ஜாவிலேயே முவைலா பகுதியில் ஒரு தையல்கடையில் வெகுகாலமாக வேலை பார்ப்பவர். அவர் சொல்லைக் கேட்டுத்தான் ஊரில் அம்மா தலையாட்டுவாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து முறைப்படி கேட்கட்டும் என்று சித்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் குறித்தார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கே போவது? துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் முன்பு ஜெயசீலனோடு ஒரே ரூமில் இருந்த பைப் ஃபிட்டர், ராமநாதபுரத்துக் கார்மேகம் பெரியப்பாவானார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டவர், காலைச் சாப்பாட்டை வேண்டாமென்றார்.

"பொண்ணு வீட்ல சொஜ்ஜி பஜ்ஜின்னு வப்பாக. வயித்துல இடம் வேணும்ல. நீயும் திங்காதடா."

"ஏதும் வாங்கிட்டுப் போவேண்டாமா அண்ணாச்சி?"

"ஒரு சீப்பு வாழைப்பழம் போதும்."

சித்தி வீட்டு மேசையில் தட்டுகளும் கரண்டிகளும் வரிசையாக இருந்தன. கார்மேகம் ஜெயசீலனின் தொடையில் கிள்ளினார். ஆனால் தட்டுகள் காலியாகவே இருந்தன. சித்தி அடிக்கடி வாசலைப் பார்த்தார். இன்னும் ஆட்கள் வருவார்களா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றதும், பேச்சில்லாமல் இருக்கக்கூடாதே என்று தன் ஊரைப் பற்றி இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஜெயசீலன் தமிழில் சொன்னான்.

"பங்கசினான்னா உப்பு விளையுற இடம்னு அர்த்தமாம் அண்ணாச்சி. நம்ம ஊர் மாதிரி."

"உப்பு சரி. சோறு எங்கன்னு கேளு."

"அதைப் போய்க் கேக்க முடியுமா? நூறு தீவு இருக்காம். கடல் ஏறினா ஒண்ணு முங்கிருமாம்."

"எனக்குக் கண்ணே முங்குதுடா."

"நானூத்தம்பது வருசத்துக்கு முன்னால லிமாஹோங்னு ஒரு சீனக் கடல்கொள்ளைக்காரன் அங்க வந்து உக்காந்தானாம். ஸ்பெயின்காரன் மாசக்கணக்கா சுத்தி வளைச்சு நின்னானாம். இவன் வாய்க்கால் வெட்டி, கப்பலை ஓட்டிக்கிட்டுத் தப்பிச்சிட்டானாம்."

கார்மேகத்துக்கு அக்கறை வந்தது. நேராகச் சித்தியிடம் அரைகுறை இந்தியில் கேட்டார்: "அத்தனை மாசம் உள்ள கானா க்யா தா, சிஸ்டர்?"

கானா என்றால் சாப்பாடு என்பது சித்திக்கும் தெரியும்; அந்தச் சொல் காதில் விழுந்ததும் சித்தியின் முகம் மலர்ந்தது. "ஆமா, கானா எங்கே?"

"அதைத்தானே நானும் கேக்குறேன்."

அதற்குப் பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள்தான் சமைத்து எடுத்துவர வேண்டும். சித்தியும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இதெல்லாம் எங்கும் ஒன்றுபோலத்தான் என்று நினைத்த மரிவிக், ஜெயசீலனிடம் இதை முன்னதாகச் சொல்லவே இல்லை. வெறுங்கையோடு வந்தவனுக்குப் பெண் கொடுப்பார்களா? ஜெயசீலன் வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்மேகம் சட்டைக் கையை மடித்தார். "சிஸ்டர், கிச்சன் எங்க?"

ஃப்ரிட்ஜில் ஒரு பால்மீன் இருந்தது. சித்தி ஊர்ப் பக்கத்துக் குளத்தில் வளர்ந்து, கடல் தாண்டிக் கடைக்கு வந்தது.

"மிளகாய்த்தூள் இருக்கா?"

"மாஃபி," என்று அரபியில் இல்லையென்றார் சித்தி, கையை விரித்து. மிளகும் பூண்டும் வினிகரும் எடுத்துக் கொடுத்தார்.

ஜெயசீலன் செதில் சுரண்டி, வயிற்றுப் பக்கம் கத்தியை வைத்தான். சித்தி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பால்மீனை அவர்கள் முதுகில்தான் பிளப்பார்கள். பிடித்த கையை விடாமல் வால்வரை இழுத்துக் காட்டினார். மீன் புத்தகம்போல விரிந்தது. மரிவிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மீன் பொரிந்து தட்டுக்கு வந்ததும் சித்தி ஊருக்கு வீடியோ கால் போட்டார். அவர்கள் பாஷையில் வேகவேகமாகப் பேசினார். மரிவிக்கின் கண் அகலமானது. ஜெயசீலன் காதில் இங்கிலீஷில் கிசுகிசுத்தாள்.

"என்னடா சொல்லுது?" என்றார் கார்மேகம்.

"மாப்பிள்ளை வீட்ல ஏழு வகை சமைச்சுக் கொண்டு வந்திருக்காகளாம். இவ்வளவு மரியாதை தெரிஞ்ச குடும்பத்தைப் பார்த்ததே இல்லையாம். கல்யாணத் தேதி பார்க்கச் சொல்லுதாக."

போனில் அம்மா ஏதோ கேட்டாள்.

"ஏழு வகையையும் காட்டச் சொல்லுதாக அண்ணாச்சி."

கார்மேகம் மீன் தட்டைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினார். கீழே இறக்கி, மீனைப் புரட்டிப் போட்டு, மறுபடி தூக்கிக் காட்டினார். சித்தி ஒரு வாழைப்பழத்தை உரித்து அதன்மேல் வைத்தார்.