வாசல்வரை தெரிந்த கதை

அரசராக நடிக்கும் பெரியவருக்கு மூட்டுவலி. சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கப் படாத பாடு படுவார். எழ வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வாசல் காவலர் இரண்டடி முன்னால் வந்து குனிந்து வணங்குவார். அவர் தோளில் கைவைத்து அரசர் எழுவார். பார்ப்பவர்கள் அதை அரசரின் பெருந்தன்மை என்று நினைத்துக் கைதட்டுவார்கள். நாடகத்தில் அப்படி ஒரு வணக்கமே கிடையாது. காவலர் யாரிடமும் சொல்லாமல் தானாகச் சேர்த்துக்கொண்டது.

அவர் என் வீட்டுக்காரரின் தம்பி. நாடகக் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் "வாசல்"தான். அங்கே உடுப்புகளைத் துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போடுகிறவள் நான்.

நாடகம் பழையது. எதிரிப் படை சூழ்ந்துவிட்டது, யார் வந்தாலும் கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்று அரசர் உத்தரவு போடுகிறார். அவருடைய மகளே வெளியில் மாட்டிக்கொள்கிறாள். கதவைத் தட்டித் தட்டி, பனியில் விறைத்து, வாசலிலேயே செத்துப்போகிறாள். அரசர் புலம்பப் புலம்பச் சபையே அழும். காவலருக்கு ஒரு பேச்சும் இல்லை. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியின் மகளுக்கு ஏழு வயது. பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டதால் என் மடியில் வளர்ந்தவள். இரத்தத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தம்பி கட்டிலோரம் உட்கார்ந்து இந்த நாடகத்தைத்தான் கதையாகச் சொல்லுவார். அதிலும் காவலராக நின்று தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுவார். மற்ற கட்டில் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

"மண்டபத்துல ராஜா என்னப்பா சாப்பிட்டாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் வாசல்ல நிக்கிறேன். வாசனை மட்டும் வந்துச்சு. என் வயிறுதான் கத்துச்சு."

பிள்ளைகள் சிரிக்கும். ராஜகுமாரி கதவைத் தட்டும் இடம் வந்ததும் மகள் மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

"தாழ்ப்பா யார் கையில இருந்துச்சு?"

"என் கையில."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

"ராஜா உத்தரவும்மா."

"வெளிய நான் நின்னிருந்தா?"

தம்பி என்னைப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் மருந்துக்கு வாயைத் திறக்க மறுத்தாள்.

"நாடகத்துல நீ கதவைத் தொற. அப்பதான் குடிப்பேன்."

"சரி, இன்னிக்கே தொறக்கிறேன்."

குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்றே நினைத்தேன். அன்று சாயங்காலம் மேடையோரம் ஊசியும் நூலுமாக நின்றிருந்தேன். ராஜகுமாரி தட்டினாள். தம்பி ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி, பலகைக் கதவை அகலத் திறந்தார். சாக வேண்டியவள் திருதிருவென்று முழித்தாள்.

"உள்ள வாம்மா, குளிருது" என்றார் தம்பி.

இத்தனை வருஷத்தில் மேடையில் அவர் பேசிய ஒரே வசனம் அது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. திரையை இறக்கிவிட்டார்கள்.

இனி இந்தப் பக்கம் வராதே என்று முதலாளி சொல்லிவிட்டார். அரசர் வேடக்காரர்தான், "நீ போயிட்டா என்னை யாருடா எழுப்பிவிடுவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் மருந்தைக் குடித்தாள். "உள்ள வந்து அவ என்ன செஞ்சா?" என்று கேட்டாள். நாடகத்தில் இல்லாததைத் தம்பி தினமும் இட்டுக்கட்டிச் சொன்னார். ராஜகுமாரி காவலரின் போர்வையைப் பிடுங்கிக்கொண்டாளாம். மீசையைப் பிடித்து இழுத்தாளாம். ஆண்டவனே, இந்தக் கதைக்கு முடிவே வேண்டாம் என்று மட்டும் நான் வேண்டிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் தம்பி கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தார். குழந்தைக்கு மூச்சுத் திணறியது. டாக்டர் வந்து அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். அவள் என் கையிலேயே அடங்கிப்போனாள். நான் கதவைத் திறந்தபோது தம்பி வெளியில் மருந்துப் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தட்டவே இல்லை.

பிறகு அவருக்கு வேறு ஊரில் ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. அவரை நான் கடைசியாகப் பார்த்தது பஸ் நிலையத்தில். கடைசி மூச்சுக்கு முன் குழந்தை சொன்னதை அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தேன். தம்பி கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம் அண்ணி. உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் வாசல்ல நின்னவன். அவ என் போர்வையைப் போத்திக்கிட்டு உள்ளேயே உக்காந்திருக்கட்டும்."