அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போங்கள்

எங்கள் அண்ணன் பிறந்தது மதுக்கரையில். அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. பள்ளி முடித்ததும் பழுதான மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் சேர்ந்த அண்ணன், மாலை நேரங்களில் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்தார். அப்படியே ஜாஸ் பக்கம் மனது போயிற்று. குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் விலைக்கு வந்த டபுள் பாஸை, ஆள் உயர வயலின் போலிருக்கும் அந்த வாத்தியத்தை, பஸ்ஸிலேயே கொண்டுவந்தார்.

"ஏனுங்க, இந்த அம்மணிக்கும் டிக்கெட் போட்டறலாமுங்களா?" என்றாராம் கண்டக்டர்.

"நின்னுக்கிட்டுத்தானுங்க வருது, அரை டிக்கெட் போடுங்க" என்றாராம் அண்ணன்.

பிறகு பெங்களூர், மும்பை, வெளிநாட்டு மேடைகள். வாசித்ததெல்லாம் தாமே எழுதிய இசை. அதில் மெட்டு இருக்காது. வில்லால் தந்தியை விட்டு வாத்தியத்தின் மரத்தையே உரசுவார், நடுவில் சும்மா நிற்பார். பாதி அரங்கு எழுந்து போன நாட்களும் உண்டு. அதற்கெல்லாம் கலங்கமாட்டார். "நம்ம சனம் ஒருக்கா கடைசி வரைக்கும் இருந்து கேட்டுப்போட்டாப் போதும் அம்மணி" என்பார் என்னிடம். அந்த ஒரு ஆசைதான்.

தமது அறுபதாம் கல்யாணத்தன்று மண்டபத்தில் வாசித்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த எங்கள் சித்தப்பா, "சுதி சேத்துனது போதும் சாமி, பாட்ட ஆரம்பி" என்றார். நம்மவர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். சொல்லாமல் போக நமக்கு வராதே! ஒவ்வொருவராக மேடையேறி, வாசித்துக்கொண்டிருந்தவரின் காதருகே குனிந்து, "வாரேனுங்க" என்றார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணனோ ஒவ்வொருவருக்கும் தலையசைத்து, தந்தியிலேயே விடை கொடுத்தார். பெரியவர்களுக்கு நீளமாக, குழந்தைகளுக்குத் துள்ளலாக. அதைப் பார்த்ததும் வாசல் வரை போனவர்களும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். "எனக்கு என்ன சத்தம் வருதுன்னு பாக்கோணும்" என்று அத்தை இரண்டு முறை ஏறினார். அண்ணன் வில்லைக் கீழே வைக்கும் வரை மண்டபம் காலியாகவில்லை.

அன்று கொடுத்த விடைகளையே பின்னர் ஒரு முழு இசையாக எழுதினார். நுரையீரல் நோயோடு போராடிய கடைசி மாதங்களிலும் அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

அவர் மறைந்த அன்று, துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்ற முறைப்படி எல்லோரும் பேசாமல் போனீர்கள். டபுள் பாஸ் மூலையில் நின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று ஓராண்டு நிறைகிறது. மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்தவர்களுக்கும், அண்ணியை ஒரு நாளும் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனோடு பல ஆண்டுகள் வாசித்த நண்பர் ஒருவர் இன்று அந்த இசையை வாசிக்கிறார். நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மேடையேறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

பதில் வரும்.