மேற்கு மூலைக் கிணறு

வீட்டில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அடுத்த அறையில் பிஸ்கட் டப்பா திறந்தாலும் "யாரது?" என்பாள். வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது: எதிரொலியை வைத்து எண்ணெய்க் கிணற்றின் உள்ளே பார்ப்பது. கிணற்று வாயில் பொருத்திய கருவி படாரென்று வாயுவைப் பீய்ச்சும். சத்தம் இறங்கி, எண்ணெயில் முட்டித் திரும்பி வரும். வழியில் குழாய்கள் இணையும் இடமெல்லாம் திரையில் ஒரு சின்ன மேடு எழும். மேடுகளை எண்ணினால் எண்ணெய் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

மேற்கு மூலைக் கிணற்றில் எண்ணெய் வரத்து குறைந்துகொண்டே போனது. திரையில் இரண்டு பெரிய மேடுகள் தெரிந்தன. ஆழத்தில் இருந்ததைத்தான் கணினி எண்ணெய் மட்டம் என்றது. மேலே இருந்தது ஏதோ அடைப்பாக இருக்கும் என்றார்கள். "வத்திப்போச்சு, மூடிடலாம்" என்றார் மேலாளர்.

அவள் இன்னொரு முறை சத்தத்தை அனுப்பிப் பார்த்தாள்.

"இல்ல சார். சின்ன மேடெல்லாம் முதல் பெரிய மேட்டோட நின்னுடுது. அடுத்தது சரியா ரெட்டிப்பு தூரத்துல இருக்கு. அதே சத்தம் மேல வந்து கிணத்து வாயில முட்டி, இன்னொரு தடவை போயிட்டு வந்திருக்கு. எண்ணெய் பாதிக் கிணறு வரைக்கும் நிக்குது!"

பக்கத்தில் நின்ற பம்பு மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. அவன் அவளுடைய கொழுந்தன்.

"அப்போ என் பம்புதான் மோசம்ங்கறீங்களா, அண்ணி?"

"இவ்வளவு எண்ணெய் இருந்தும் இழுக்கலைன்னா வேற என்னப்பா சொல்றது?"

அன்று இரவு அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டோடு மாடிக்குப் போய்விட்டான். "ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டா நான் யாருக்குப் பரிமாற?" என்று மாமியார் அலுத்துக்கொண்டார். அவளுக்கும் சோறு இறங்கவில்லை. கணக்கு தப்பியிருந்தால்?

மறுநாள் பம்பை வெளியே தூக்கினார்கள். கொழுந்தன் அதைப் பிரித்ததும் குதித்தே விட்டான்.

"அண்ணி, மணல்! வால்வு குண்டு மூடாம மணல் சிக்கியிருக்கு! பம்பு மேல ஒரு குத்தமும் இல்ல!"

"உன் மேலயும் இல்ல, போதுமா?"

வால்வை மாற்றிப் பம்பை இறக்கி ஓட்டினார்கள். சாயங்காலத்துக்குள் குழாயில் எண்ணெய் கொழகொழவென்று வந்தது. மேலாளர் வாயெல்லாம் பல்லாக எல்லோருக்கும் கை கொடுத்தார். அவளும் கொழுந்தனும் ஒரே வண்டியில், வழியெல்லாம் பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

கதவைத் திறந்த மாமியார், தலை முதல் கால் வரை கறுத்திருந்த மகனைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா? நல்லது. குளிக்காம ஒரு அடி உள்ள வைக்காதே!"