பெயர் எழுதாத இரண்டு வரிகள்

அம்மா இல்லாத முதல் கல்லறைத் திருநாளும் கழிந்துவிட்டது. ஓராண்டுப் பூசைக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரிடமும் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது.

அம்மா தஞ்சைச் சீமையில் பிறந்தவர். பதினாறு வயதில் அப்பாவோடு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, எனக்கு ஏழு வயதாகையில் காலமானார். அதன்பின் அம்மா பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இரண்டு மாடுகளை வைத்து, வீடுவீடாகப் பால் ஊற்றி, என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். மழைக்கும் காய்ச்சலுக்கும் அவர் ஒருநாளும் நின்றதில்லை.

சென்ற ஆண்டு கால் வீங்கி, மூச்சு வாங்கிப் படுத்தார். ஒரு காலை கஞ்சி கொடுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு முன்னால எனக்கு ஒரு பையன் இருந்தான். அருளப்பன். மூணு வயசு. நீ பொறக்குறதுக்கு முந்தின வருசம், ஈஸ்டருக்கு முன்னால தபசுக்காலம், மூணாவது வாரம், வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா காய்ச்சல். ஆஸ்பத்திரியில நானும் உங்கப்பாவும் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அவனைப் புதைச்சுட்டாங்க. எங்கன்னு யாருக்கும் தெரியல."

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா அழுகை வரும். அழுதுகிட்டே பால் கறக்க முடியுமா? அவன் எங்க கிடக்கிறான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

தம்பியும் நானும் கோவில் பதிவேடுகளைப் புரட்டினோம். அருளப்பன் இல்லை. கோவில் உபதேசியார் சொன்னபடி, பங்குச் சுவாமியாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போனோம். கறையான் அரித்த அடக்கப் பதிவுப் புத்தகத்தில், அம்மா சொன்ன தபசுக்கால வாரத்தில், இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் ஒரே வாசகம்: தமிழ் ஆண் குழந்தை, வயது சுமார் மூன்று, காய்ச்சல், பெயர் தெரியாது. புதைத்த இடம் மட்டும் வேறு வேறு.

"இதுல எதும்மா உங்க வீட்டுப் பையன்?" என்றார் கிளார்க்.

"தெரியலைங்க."

முதல் வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீடு திரும்பினேன். அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"பேரு போட்டிருக்கா?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "போட்டிருக்கும்மா. அருளப்பன், மூணு வயசு. நாலாவது வரிசை, வேலியோரம்."

தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை படி."

நான்கு தடவை படித்தேன்.

"வேலியோரம்னா நிழலா இருக்கும்லா" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்தத் தாளில் பெயர் இல்லை. இருவரில் எவன் என் அண்ணன் என்பதும் எனக்குத் தெரியாது. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. ஆகவே உங்களிடமும் சொல்கிறேன்.

எங்களோடு ஏடு புரட்டிய உபதேசியாருக்கும், பொறுமையாய்ப் புத்தகம் எடுத்துத் தந்த கிளார்க்குக்கும், அந்நாட்களில் எங்கள் மாடுகளைக் கறந்து கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அம்மாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. இன்று அம்மாவுக்காகச் செபிக்கையில் அருளப்பன் அண்ணனையும் பெயர் சொல்லி நினையுங்கள். மற்ற வரியில் இருக்கும் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். அவனையும் ஓர் அம்மா தேடியிருப்பார்.